டிரம்முக்குள் சுறா எண்ணெய்

என் கையில் இருந்த காரின் பிரேக்குக்குள் சுறா எண்ணெய் பூசச் சொன்னது நீங்கள்தான். அந்தக் கார் நிற்காமல் போய் ஒரு பெண்ணின் காலை ஒடித்த பிறகு, டிரைவர் குடித்திருந்தான் என்று சொன்னதும் நீங்கள்தான்.

உங்கள் பெயரை எழுத மாட்டேன். என் பெயரும் இதில் இல்லை. நான் யார் என்று உங்களுக்குத் தெரியும். நீங்கள் யார் என்று தூத்துக்குடியில் பாதிப் பேருக்குத் தெரியும். கொழும்புக்குச் சரக்கு ஏற்றிப் போகும் தோணிகள் உங்களுக்கு இருந்தன. அதோடு ஒரு பழைய அமெரிக்கக் கார். ஜெர்மன்காரனோடு யுத்தம் தொடங்குவதற்கு முன்பே அது பழசு. யுத்தம் வந்ததும் அதற்கு உதிரிச் சாமான் எதுவும் கிடைக்காமல் போனது. அந்தக் காரை ஓட்டியவன் நான். ரிப்பேர் பார்த்தவனும் நான்.

எனக்கு அழகாக எழுத வராது. நடந்ததை எழுதுகிறேன். பழைய கார் வைத்திருப்பவர்கள் படித்தால் அவர்களுக்கும் உபயோகம் உண்டு. உங்களைப் போல் யாரும் செய்யாமல் இருந்தால் போதும்.

கடற்கரை ஊரில் பழைய காருக்கு முதல் எதிரி உப்புக் காற்று. மேலே பெயிண்ட் பளபளவென்று இருக்கும். அடியில் படுத்துப் பார்த்தால் இரும்பு அப்பளம் அப்பளமாக உரிந்து வரும். நம் ஊர்க் கிணற்றுத் தண்ணீரில் கழுவினால் இன்னும் கெடும், அதுவும் உப்புதான். குழாயில் வரும் ஆற்றுத் தண்ணீரில் ஒரு குடம் பிடித்து, துணியை நனைத்து நனைத்து அடிப்பாகத்தைத் துடைப்பேன். ஸ்பிரிங் பட்டைகளுக்கு விளக்கெண்ணெய் விட்டுச் சாக்குத்துணி சுற்றிக் கட்டுவேன். ரேடியேட்டர் கசிந்தால் கடுகுத் தூள் ஒரு பிடி. டயர் பிளந்தால் உள்ளே பழைய டயர்த் துண்டு. பெட்ரோலுக்குக் கூப்பன் வந்த பிறகு வண்டியின் பின்னால் கரி அடுப்பு ஒன்றை மாட்டினோம். உடைமரக் கரியைப் போட்டு எரித்து, அந்தப் புகையை வடிகட்டி எஞ்சினுக்குள் விட்டால் கார் ஓடும். ஓடும் என்றுதான் சொல்கிறேன், நன்றாக ஓடும் என்று சொல்லவில்லை. நின்றால் திரும்பக் கிளம்ப நேரம் பிடிக்கும். அதனால் கரி வண்டி டிரைவர்கள் வேகத்தைக் குறைக்கவே யோசிப்போம். அந்த அடுப்பு இரண்டு ஆள் கனம். கனம் கூடினால் பிரேக் நன்றாக இருக்க வேண்டும். இதை நான் உங்களிடம் பல தடவை சொன்னேன்.

நீங்கள் அந்தக் காரைத் தோணியாகத்தான் பார்த்தீர்கள். எல்லாரிடமும் அப்படித்தான் சொல்வீர்கள்: "காருன்னா என்னலே, தரையில ஓடுத தோணிதான?"

ஆழ்வார்திருநகரியில் என் அக்காள் வீட்டுக்காரர் இறந்துபோனார். ஒரு வாரம் லீவு கேட்டுப் போனேன். திரும்பி வந்த அன்று காலையில் உங்கள் வீட்டு முற்றத்தில் கார் நின்றது. அடிப்பாகம் எல்லாம் கறுத்து மினுமினுத்தது. நாற்றம் தெரு வரைக்கும் அடித்தது. உங்கள் பெரிய தோணியின் தண்டல், அதாவது அந்தத் தோணிக்குத் தலைவர், கையைத் துடைத்துக்கொண்டு நின்றார். நீங்கள் அவர் பக்கத்தில் சிரித்துக்கொண்டு நின்றீர்கள்.

"பாத்தியாலே? தோணியக் கரையேத்தி வேல பாத்தப்ப, கையோட இதுக்கும் பாத்தாச்சு. சுறா எண்ணெ. இனிமே துரு புடிக்குமா?"

நான் குனிந்து பார்த்தேன். அடித்தகடு, சட்டம், ஆக்ஸில் எல்லாவற்றிலும் ஒரு விரல் இடம் விடாமல் பூசியிருந்தது. துருவுக்குச் சுறா எண்ணெய் நல்லதுதான். அதை நான் இன்றைக்கும் மறுக்கவில்லை.

"நல்ல வேலைதான் அண்ணாச்சி. ஆனா வண்டியில மொதலாளிய ஏத்திட்டுப் போனா, போற வீட்டுல கருவாட்டு யாவாரின்னு நெனைப்பாக" என்று தண்டலிடம் சொன்னேன்.

"பனங்காட்டுல பொறந்தவனுக்கு மீன் வாடை ஆவாதோ?" என்றார் தண்டல். எல்லாரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது எனக்கே என் மேல் ஆத்திரம் வருகிறது.

ஏனென்றால் அவர்கள் அடிப்பாகத்தோடு நிறுத்தவில்லை. நாலு சக்கரத்தையும் கழற்றி, பிரேக் டிரம்மைத் திறந்து, உள்ளேயும் பூசியிருந்தார்கள். டிரம் என்பது சக்கரத்தோடு சுற்றும் இரும்புச் சட்டி. அதற்குள் இரண்டு வளைந்த கட்டைகள் இருக்கும். கட்டையின் முதுகில் கெட்டித் துணி மாதிரி நெய்த லைனிங் இருக்கும். பெடலை மிதித்தால் லைனிங் விரிந்து சட்டியைப் பிடிக்கும். உரசித்தான் பிடிக்க வேண்டும். அங்கே எண்ணெய் ஒரு சொட்டுப் பட்டாலும் கெடுதல். தோணிக்காரர்களுக்கு இது எங்கே தெரியும்? தோணியில் எண்ணெய் படாத பலகை இருந்தால் அதுதான் குற்றம். வெளியே பூசி உள்ளே விட்டவனைக் கரையில் வைத்துத் திட்டுவார்கள். காய்ந்து கிடக்கிற துணியைப் பார்த்தால் அவர்கள் கை தானாக எண்ணெயில் முக்கும். அது அவர்கள் தொழில் பழக்கம். அதற்காக நான் அவர்களைக் குற்றம் சொல்லவில்லை. உங்களைச் சொல்கிறேன். பூசியதற்காகக்கூட அல்ல. பூசியதை மறைத்ததற்காக.

முதல் தடவை கடற்கரை ரோட்டில். துறைமுகப் பக்கம் இருந்து பருத்தி வண்டி ஒன்று குறுக்கே வந்தது. பிரேக்கை மிதித்தேன். பெடல் கல் மாதிரி நின்றது. கார் நிற்கவில்லை. மெதுவாக, ரொம்ப மெதுவாக, மாட்டின் வயிற்றுக்கு நேரே போய்க்கொண்டே இருந்தது. வண்டிக்காரர் மாட்டைத் தட்டிவிட்டார். ஒரு சாண் இடைவெளியில் கடந்துபோனோம்.

"கண்ணு இருக்காலே உனக்கு? மாடு உனக்கு என்ன பாவம் செஞ்சுது?" என்று கத்தினார் அவர்.

பழைய கார் வைத்திருப்பவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். பெடல் தரை வரைக்கும் போய்விட்டால் பிரேக் கம்பியிலோ அட்ஜஸ்ட்மெண்டிலோ குறை. பெடல் கெட்டியாக நின்று கார் மட்டும் நிற்கவில்லை என்றால் லைனிங்கில் எண்ணெய். இது எனக்குத் தெரியும். தெரிந்தும் கம்பியைத்தான் முதலில் முறுக்கினேன். ஏனென்றால் ஒரு சக்கரத்தில் எண்ணெய் பட்டிருந்தால் கார் ஒரு பக்கமாக இழுக்க வேண்டும். இது இழுக்கவே இல்லை. நாலிலும் ஒரே அளவாகப் பூசினால் எப்படி இழுக்கும்? தண்டலின் வேலை அவ்வளவு சுத்தம்.

மறுநாளும் அதே கதை. முதல் இரண்டு மூன்று தடவை பிடிக்கும். டிரம் சூடானதும் வழுக்கும். பின் சக்கரம் இரண்டையும் கழற்றினேன். லைனிங் ஊறிப் போயிருந்தது. பின் ஆக்ஸிலில் இருந்து எண்ணெய் கசிந்து வருகிறது என்று நினைத்தேன். யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள். பழைய காரில் அது சகஜம். கசிவை அடைக்கக் கம்பளி வளையம் வேண்டும். கடையில் ஏது? உங்கள் பழைய தொப்பி ஒன்றை உங்கள் வீட்டம்மா கொடுத்தார்கள். அதை வட்டமாக வெட்டி, கொழுப்பில் காய்ச்சிப் போட்டேன். அசல் வளையம் போலவே உட்கார்ந்தது. லைனிங்கைக் கரித் தணலுக்கு மேல் பிடித்து எண்ணெயை எரித்தேன். நுரை நுரையாகப் பொங்கி எரிந்தது. மீன் வாடை அடித்தது.

அப்போதே புரிந்திருக்க வேண்டும். ஆக்ஸில் எண்ணெய் எரிந்தால் மீன் வாடை எப்படி வரும்? ஆனால் அந்த ஊரில் எதில்தான் மீன் வாடை இல்லை? என் சட்டையில் அடித்தது. சோற்றில் அடித்தது. அடித்தகட்டில் பூசியது வழிந்து உள்ளே போயிருக்கும் என்று நானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன். முன் சக்கரங்களை நான் திறக்கவில்லை. முன்னால் ஆக்ஸில் எண்ணெய் கிடையாது, அங்கே எப்படி எண்ணெய் வரும் என்று விட்டுவிட்டேன். இது என் தப்பு. இதை எங்கே வேண்டுமானாலும் நின்று ஒத்துக்கொள்கிறேன்.

நாலு நாள் கார் ஒழுங்காக நின்றது. ஐந்தாம் நாள் மறுபடியும் வழுக்கியது.

நெய்த லைனிங் விளக்குத் திரி மாதிரி. ஊறிய எண்ணெய் அடியில் இருக்கும். மேலே எரித்தால் மேலே இருப்பதுதான் போகும். சூடேறினால் அடியில் இருப்பது வியர்த்து மேலே வரும். மண்ணெண்ணெயில் கழுவினாலும், பெட்ரோலில் கழுவினாலும், சாம்பலில் புதைத்து வைத்தாலும் தீராது. ஊறிய லைனிங்கைத் தூரப் போட வேண்டும். வேறு கிடைக்காவிட்டால் காரை நிறுத்திப் போட வேண்டும். இதற்கு மூன்றாவது வழி இல்லை. இருக்கிறது என்று யாராவது சொன்னால் அவன் காரில் ஏறாதீர்கள்.

எனக்குப் பயம் பிடித்தது அப்போதுதான். காரணம் தெரியாத பயம். நிற்கிற காரும் நிற்காத காரும் அல்ல அது. நிற்குமா நிற்காதா என்று தெரியாத கார். தெருவில் கோழி போனால்கூட வேகத்தைக் குறைப்பேன். பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் அந்தப் பக்கமே போகாமல் சுற்றிப் போவேன். ஒருநாள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். என் மனைவி சோறு போடுவதை நிறுத்திவிட்டு என் காலைப் பார்த்தாள்.

"எதுக்கு இப்படித் தரையப் போட்டு அமுக்குதிய?"

பார்த்தேன். வலது கால் தரையை மிதித்துக்கொண்டிருந்தது. விரல்கள் வெளுத்திருந்தன.

"பிரேக்கு" என்றேன்.

"வீடு எங்கயும் ஓடிராது. சாப்பிடுங்க" என்றாள். பிறகு சோற்றைப் போட்டுக்கொண்டே, "மொதலாளிட்டச் சொல்லுங்க. வேல போனாப் போட்டும். எனக்கு நீங்க உசுரோட வேணும்" என்றாள்.

உங்களிடம் வந்தேன். அந்தப் பேச்சு ஒரு வார்த்தை விடாமல் எனக்கு ஞாபகம் இருக்கிறது. உங்களுக்கும் இருக்கும். நீங்கள் மேஜையில் உட்கார்ந்து பணியாரம் தின்றுகொண்டிருந்தீர்கள்.

"மொதலாளி, ஒண்ணு கேக்கணும். நான் ஊர்ல இல்லாதப்ப சக்கரத்த யாரும் கழத்துனாங்களா?"

"எவன் கழத்துவான்? பேய் வந்து கழத்துமா?"

"எண்ணெ எப்படி உள்ள வருதுன்னு தெரியல. உள்ள எதும் பூசுனாங்களான்னு கேக்கேன்."

நீங்கள் பணியாரத்தைக் கீழே வைத்தீர்கள். என் முகத்தைப் பார்க்கவில்லை. "அடியில மட்டுந்தாம்லே பூசுனது. உள்ள எவன் தொறப்பான்? உனக்கு வேல தெரியலன்னா தெரியலன்னு சொல்லு."

"அப்ப வண்டிய நிறுத்திருவோம் மொதலாளி. பிரேக்கு இல்லாம ஓட்டக் கூடாது."

"தோணிக்கு எங்கலே பிரேக்கு இருக்கு? கடல்ல போறவன் எவனாவது பிரேக்கு கேட்டானா? பயந்தாங்கொள்ளிப் பயல டிரைவரா வச்சிருக்கேன் பாரு."

உங்கள் வீட்டம்மா அங்கேதான் நின்றார்கள். உங்களைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள். குசினிக்குள் போய்விட்டார்கள்.

அந்த இடத்தில் "ஆமா, பூசுனோம்" என்று நீங்கள் சொல்லியிருந்தால் நான் அரை நாளில் நாலையும் திறந்திருப்பேன். ஒரு சொல். சொன்னால் டிரைவர் முன்னால் ஒன்றும் தெரியாதவர் ஆகிவிடுவீர்கள். அவ்வளவுதானே விஷயம்? அதற்காகத்தானே மறைத்தீர்கள்? நானும் அப்போதே சாவியை உங்கள் மேஜையில் வைத்துவிட்டு வந்திருக்க வேண்டும். பயந்தாங்கொள்ளி என்ற சொல் என்னைச் சுட்டது. சாவியோடு வந்துவிட்டேன்.

ஆத்தூரில் உங்கள் சொந்தக்காரர் வீட்டில் நிச்சயதார்த்தம். நீங்களும் வீட்டம்மாவும் பின் சீட்டில். காலை வெயில் ஏறிவிட்டது. ஊரைத் தாண்டினால் ரோட்டுக்கு இரண்டு பக்கமும் உப்பளம். ரோடு மட்டம். மேடு பள்ளம் இல்லாத ரோட்டில் பிரேக் எதற்கு என்று மனதைத் தேற்றிக்கொண்டு ஓட்டினேன். வழியில் ஆடு, வண்டி, சைக்கிள் என்று மூன்று நாலு தடவை மிதிக்க வேண்டியிருந்தது. பிடித்தது. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் குறைவாகப் பிடித்தது. டிரம் சூடாகிறது என்று தெரிந்தது. நின்று ஆறவிட்டுப் போவோம் என்று சொல்ல வாயெடுத்தேன். பின்னால் இருந்து நீங்கள், "நேரமாச்சுலே, மிதி" என்றீர்கள்.

அப்போதுதான் அவர்களைப் பார்த்தேன். ரோட்டின் ஒரு பக்கம் பாத்தி, மறுபக்கம் உப்புக் குவிக்கும் மேடு. தலையில் உப்புக் கூடையோடு பெண்கள் வரிசையாக ரோட்டைக் கடந்துகொண்டிருந்தார்கள். ரோடு முழுக்க அவர்கள்தான்.

மிதித்தேன். பெடல் கல். கார் போகிறது. ஹாரனை அமுக்கினேன். தலையில் பாரம் இருக்கிறவர்களால் சட்டென்று திரும்ப முடியாது. முதல் இரண்டு பேர் மட்டும் கண்ணை ஓரமாகத் திருப்பிப் பார்த்தார்கள். கார் நின்றுவிடும் என்று நினைத்தார்கள். எந்தக் காரும் நிற்கும் என்றுதானே நினைப்பார்கள். கை பிரேக்கை இழுத்தேன். அதுவும் அதே பின் லைனிங்கைத்தான் பிடிக்க வேண்டும், பிடிக்கவில்லை. கியரைக் குறைக்கப் பார்த்தேன். பழைய கியர், வேகம் ஒத்துவராமல் விழாது. கர்ர்ரென்று பல்லைக் கடித்துவிட்டு வெளியே வந்துவிட்டது. இப்போது எஞ்சினும் பிடிக்கவில்லை. கார் தன்பாட்டுக்கு உருண்டது.

"ஏளா! விலகுளா! காரு நிக்கலளா!" என்று யாரோ ஒருத்தி அலறினாள்.

கூடைகள் விழுந்தன. உப்பு ரோட்டில் கொட்டியது. வரிசை நடுவில் அறுந்து கொஞ்சம் பேர் இந்தப் பக்கம், கொஞ்சம் பேர் அந்தப் பக்கம் ஓடினார்கள். நடுவில் நாலைந்து பேர் எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாமல் அப்படியே நின்றார்கள். ஒருத்தியின் மூக்குத்தி தெரிந்தது எனக்கு. அவ்வளவு கிட்ட.

ஸ்டியரிங்கை ஒடித்து வரப்பின் மேல் ஏற்றினேன். முன் சக்கரம் கல்லில் மோதியது. கார் பாத்திக்குள் இறங்கியது. பாத்தியில் குனிந்து உப்பு வாரிக்கொண்டிருந்தாள் ஒரு பெண். அவளை நான் பார்க்கவே இல்லை. சத்தம்தான் கேட்டது.

இன்றைக்கும் எனக்குக் கேட்கிறது அது. அதைப் பற்றி இதற்கு மேல் எழுத மாட்டேன்.

உங்களுக்கும் வீட்டம்மாவுக்கும் ஒரு கீறல்கூட இல்லை. பெண்கள் அவளைத் தூக்கி வரப்பில் கிடத்தினார்கள். கால் தொடைக்குக் கீழே திரும்பிக் கிடந்தது. என்ன செய்வதென்று தெரியாமல் காரின் முன் பக்கம் போனேன். மோதிய வேகத்தில் இடது முன் சக்கரம் தெறித்து டிரம் இரண்டாகப் பிளந்திருந்தது. உள்ளே பார்த்தேன். லைனிங்கும் கட்டையும் கரும்பழுப்பாக மினுங்கின. கட்டைக்குப் பின்னால் ஸ்பிரிங்கில் ஒரு துணிச் சுருள் மாட்டியிருந்தது. பழைய பாய்மரத் துணி. தோணியில் எண்ணெய் பூச அவர்கள் சுருட்டிக் கட்டுவது. நூலின் முடிச்சும் தோணிக்காரர் போடும் முடிச்சு. எடுத்து மோந்து பார்த்தேன். சுறா எண்ணெய்.

முன் சக்கரத்தில், யாரும் திறக்கவில்லை என்று நீங்கள் சொன்ன சக்கரத்துக்குள்.

உங்கள் முகத்துக்கு நேரே நீட்டினேன். "இது என்ன மொதலாளி?"

நீங்கள் அதை என் கையிலிருந்து வாங்கினீர்கள். திருப்பிப் பார்க்கக்கூட இல்லை. பாத்தித் தண்ணீரில் எறிந்தீர்கள். அந்தத் தண்ணீர் கலங்கிக் கிடந்தது. இறங்கித் தேடினேன். கையெல்லாம் உப்பு வெட்டியது. கிடைக்கவில்லை. நான் முழங்கால் தண்ணீரில் தேடிக்கொண்டிருந்தபோதுதான் வரப்பில் நின்ற உப்பளத்துக் கங்காணியிடம் நீங்கள் சொன்னீர்கள்: "காலையிலயே கள்ளக் குடிச்சிட்டு வந்திருக்கான். பாருங்க, தண்ணிக்குள்ள எறங்கித் துழாவுதான்."

நான் பனையேறிக் குடும்பத்தில் பிறந்தவன். என் அப்பா மரம் ஏறினார். நான் ஒரு சொட்டுக் கள் குடித்ததில்லை. ஆனால் பனையேறி மகன் குடித்தான் என்றால் யாரும் சாட்சி கேட்பதில்லை. உங்களுக்கு அது தெரியும். தெரிந்துதான் அந்தச் சொல்லை எடுத்தீர்கள். லைசென்ஸ் போனது. வேலை போனது. காரை இழுத்து வந்து அன்றே பிரித்துப் போட்டுவிட்டீர்கள் என்று கேள்விப்பட்டேன். மற்ற மூன்று டிரம்மையும் யாரும் பார்க்கவில்லை.

அந்தப் பெண்ணைப் பார்க்கப் போனேன். கால் நேராகக் கூடவில்லை, கோணலாகச் சேர்ந்துவிட்டது. கம்பு ஊன்றி வாசலில் உட்கார்ந்திருந்தாள்.

"நான் குடிக்கலம்மா" என்றேன்.

"குடிகாரன் எவந்தான் குடிச்சேன்னு சொல்லுதான்?" என்றாள். "உங்க மொதலாளி வந்து சொல்லிட்டுப் போனாரு. அவரு எதுக்குப் பொய் சொல்லணும்? போ. என் வாசல்ல நிக்காத."

அவள் கேட்டது சரிதான். நீங்கள் எதற்குப் பொய் சொல்ல வேண்டும்? நானும் அதைத்தான் கேட்கிறேன்.

அந்த வருஷம் தோணிகள் கிளம்பும் சமயத்தில் தண்டல் என்னைத் தேடி வந்தார். நான் அப்போது சைக்கிள் கடை ஓரத்தில் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தேன். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"நான்தாம்பா உள்ள பூசுனேன். நாலையும் தொறந்து காட்டி, 'மொதலாளி, இந்தத் துணிக்கும் வைக்கணுமா'ன்னு கேட்டேன். 'இரும்புக்கு வைக்கும்போது அதுக்கு மட்டும் என்ன, நல்லா ஊற வையி'ன்னாரு. நல்லதுன்னுதான் செஞ்சேன். மாதா மேல ஆணையா எனக்குத் தெரியாதுப்பா."

"இத அந்தப் பொம்பளகிட்ட வந்து சொல்லுங்க அண்ணாச்சி."

அவர் கடலைப் பார்த்தார். "அவரு தோணி. அவரு சோறு. எனக்கும் பிள்ளைய இருக்கு. அவரு வாயத் தொறக்கட்டும், மறு நிமிசம் நானும் தொறப்பேன். அதுக்கு முந்தி என்னால ஆவாது."

அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. பயம் என்றால் என்னவென்று எனக்குத் தெரியும்.

இப்போது எனக்குச் சின்னதாக ஒரு ஷெட் இருக்கிறது. பழைய கார்கள்தான் வருகின்றன. யுத்தம் முடிந்தும் புதுக் கார் வாங்க எல்லாருக்கும் வசதி இல்லை. யார் எந்த ரிப்பேருக்கு வந்தாலும் முதலில் நாலு சக்கரத்தையும் கழற்றுவேன். விளக்கு எரியவில்லை என்று வந்தாலும் கழற்றுவேன். ஒன்றில் எண்ணெய் இருந்தால் நாலையும் பார்க்க வேண்டும். காரணம் தெரியும் வரை சக்கரத்தை மாட்டக் கூடாது. டிரம்மை வெறும் துணியால் துடைக்க வேண்டும். லைனிங்கில் கையைக்கூட வைக்கக் கூடாது, கையிலும் எண்ணெய் உண்டு. வேறு ஆள் தொட்டிருக்கிறானா என்று காரின் சொந்தக்காரரிடம் கேட்பேன். அவர் இல்லை என்று சொன்னாலும் திறந்து பார்ப்பேன். ரிப்பேர் முடிந்ததும் காரை ஓட்டிப் பார்ப்பது நான் இல்லை. என்னால் முடியாது. ஸ்டியரிங்கில் உட்கார்ந்தால் ரோட்டில் கூடைகள் விழுகின்றன. சொந்தக்காரரே ஓட்டிப் பார்க்கட்டும் என்று கதவருகே நின்றுவிடுவேன். கார் திரும்பி வந்து நிற்கிற வரைக்கும் என் வலது கால் தரையை மிதித்துக்கொண்டே இருக்கும்.

அந்தப் பெண் இப்போதும் உப்பள ரோட்டில் கம்பு ஊன்றி வருகிறாள். என்னைக் கண்டால் தரையில் துப்பிவிட்டுப் போகிறாள். பக்கத்தில் வருகிறவர்களிடம் கையைக் காட்டி, "அந்தா நிக்கான் பாரு, குடிகாரப் பய" என்கிறாள். அவளுடைய பிள்ளைகளும் அதையே சொல்கிறார்கள்.

முதலாளி, நீங்கள் ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறீர்கள். நான் உங்களிடம் நஷ்டஈடு கேட்கவில்லை. லைசென்ஸைக் கேட்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மாதா கோவில் வாசலில் நின்று, ஊர்ச் சனம் எல்லாரும் கேட்கும்படி மூன்று கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். நாலு டிரம்மையும் திறக்கச் சொன்னது யார்? சக்கரத்தை யாராவது கழற்றினார்களா என்று நான் கேட்டபோது இல்லை என்று சொன்னது யார்? அந்தத் துணிச் சுருளை உப்புத் தண்ணீரில் எறிந்தது யார்? அவளையும் அங்கே கூட்டி வரச் சொல்லுங்கள். தண்டலும் நிற்கட்டும். உங்கள் வீட்டம்மாவும் நிற்கட்டும். நானும் வந்து நிற்கிறேன்.

எல்லார் முன்னாலும் சொல்லுங்கள். அன்றைக்குக் குடித்திருந்தது யார்?